மூச்சு வழி வந்த சொற்கள்



ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கிய ஒருவனைக் கூப்பிட்டுக் காரைக்குடியில் தமிழ் மேடை ஏற்றியிருக்கிறீர்கள். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய நாள்முதல் நல்ல தமிழ் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகள் இந்த ஊர்க் காதுகள். தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டிய ஊர். கட்டியதோடு விட்டீர்களா? ஒலித்தாய் என்று ஒலிக்கு ஒரு வடிவம், வரித்தாய் என்று எழுத்துக்கு ஒரு வடிவம் அமைத்து வைத்திருக்கிறீர்கள். அந்த ஒலித்தாயிடமிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். ஒலி எதனால் ஆனது? மூச்சினால் ஆனது. அந்த மூச்சைக் குறித்த ஒரு வேர், ஆங்கிலத்தில் எத்தனை சொல்லாகக் கிளைத்திருக்கிறது? நம் தமிழில் எத்தனை சொல்லாகக் கிளைத்திருக்கிறது? இதுதான் இன்றைய பொருள்.

முதலில் ஆங்கிலம். உங்கள் வீட்டு மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். மூலையில் பொடி எழுத்தில் எக்ஸ்பயரி என்று ஒரு மாதமும் வருடமும் அச்சடித்திருக்கும். இதில் மூச்சு எங்கே இருக்கிறது? லத்தீனில் ஸ்பிராரே என்றால் மூச்சு விடுதல். முன்னால் எக்ஸ் சேர்த்தால் மூச்சை வெளியே விட்டுவிடுதல், கடைசியாக விட்டுவிடுதல். ஆகவே மாத்திரையும் மூச்சை விடுகிறது, பாஸ்போர்ட்டும் விடுகிறது, ஓட்டுநர் உரிமமும் விடுகிறது. தமிழில் நாம் காலாவதி என்கிறோம். அந்தச் சொல்லில் காலக்கெடு மட்டும்தான் உண்டு. ஆங்கிலத்திலோ ஒவ்வொரு மருந்துக் கடையிலும் ஆயிரக்கணக்கான மாத்திரைகள் கடைசி மூச்சுக்கு நாள் குறித்துக்கொண்டு காத்திருக்கின்றன.

இன்ஸ்பயர் என்கிறார்கள். இதில் மூச்சு எங்கே? உள்ளே ஊதுதல். தெய்வமோ கலைமகளோ கவிஞனுக்குள் மூச்சை ஊதுகிறது, அவன் பாடுகிறான். இது பழைய ஐரோப்பிய நம்பிக்கை. இன்றைக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் அந்தச் சொல்லை ஓட ஓட விரட்டுகிறார்கள். ஆனால் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே இன்ஸ்பிரேஷன் என்றால் நெஞ்சு விரிந்து காற்று உள்ளே போவது, அவ்வளவுதான். எக்ஸ்பிரேஷன் என்றால் வெளியே வருவது. நம் பள்ளிப் புத்தகத்தில் உட்சுவாசம், வெளிச்சுவாசம் என்று படித்தோமே, அதேதான். கவிஞர்களிடம் தொலைந்துபோன மூச்சு டாக்டர்களிடம் பத்திரமாக இருக்கிறது.

ஆஸ்பயர் என்றால் ஒன்றை நோக்கி மூச்சு விடுதல், அதாவது ஆசைப்படுதல். பெர்ஸ்பயர் என்றால் தோல் வழியாக மூச்சு விடுதல். சித்திரை மாதத்துக் காரைக்குடியில் அதற்கு விளக்கம் வேண்டாம், உங்கள் கைக்குட்டைகளே சொல்லும். டிரான்ஸ்பயர் என்றால் ஊடுருவி வெளியே வருதல். செடியின் இலையிலிருந்து நீராவி போகிறதே, அது டிரான்ஸ்பிரேஷன். மூடி வைத்த சங்கதி மெல்ல வெளியே தெரிவதும் அதே சொல். செய்தி கசிந்தது என்று நம் பத்திரிகைக்காரர்கள் எழுதுவதில்லையா, அப்படி.

ஒரு எச்சரிக்கை. ஒலி ஒத்துப்போகிறது என்று எல்லோரையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். ஸ்பைரல் என்ற சொல் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. அது சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. டெஸ்பேர் என்ற சொல்லும் இல்லை. அது நம்பிக்கையைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல்லின் வழி வந்தது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் பங்காளிகள் ஆகிவிடுவார்களா?

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சொல்லுக்கு வருகிறேன். கான்ஸ்பயர். சதி செய்தல். இதில் மூச்சு எங்கே? சேர்ந்து மூச்சு விடுதல்! நாலு பேர் தலையோடு தலை சேர்த்து, ஒருவர் மூச்சு இன்னொருவர் முகத்தில் படும்படி நெருங்கி உட்கார்ந்து குசுகுசுக்கிறார்கள். அந்தக் காட்சியே சொல்லாகிவிட்டது. ரோமானியனுக்கு ரகசியம் என்றால் சேர்ந்து மூச்சு விடுவது. நமக்கு? நம் வீட்டில் ஆயா எப்படிச் சொல்வார்கள்? "இந்தா பாரு, இந்தச் சேதி ஒங்க அப்பச்சிக்குத் தெரியப்படாது. மூச்சுக் காட்டாதே!" கேட்டீர்களா? அங்கே ரகசியத்துக்குச் சேர்ந்து மூச்சு விட வேண்டும். இங்கே ரகசியத்துக்கு மூச்சே விடக் கூடாது. பயம் ஒன்று, பதுங்கல் ஒன்று. ஆனாலும் மூச்சு போகும் திசை நேர் எதிர். இரண்டு இனங்களின் குணத்தை இதை வைத்து அளக்க நான் தயாராக இல்லை. அப்படி அளப்பவர்களை நம்பவும் வேண்டாம். சொல்லை மட்டும் ரசியுங்கள்.

அடுத்தது ஸ்பிரிட். ஊசி போடுமுன் நர்ஸ் பஞ்சில் நனைத்துத் தேய்ப்பதும் ஸ்பிரிட். பேய் பிசாசும் ஸ்பிரிட். விளையாட்டு வீரனிடம் இருக்க வேண்டியதும் ஸ்பிரிட். அடிப்படை மூச்சுதான். லத்தீனில் ஸ்பிரிட்டுஸ் என்றால் மூச்சு. காய்ச்சி வடிக்கும்போது பொருளிலிருந்து எழும் ஆவியை அந்தப் பொருளின் ஸ்பிரிட் என்று பழைய ரசவாதிகள் அழைத்தார்கள். அப்படித்தான் சாராயத்துக்கு அந்தப் பெயர் வந்தது. இதைக் கேட்டதும் தமிழ்க் காதில் ஒரு மணி அடிக்க வேண்டுமே? ஆவி! இடியாப்பத் தட்டைத் திறந்தால் பறப்பதும் ஆவி. புளியமரத்தில் தொங்குவதாகச் சொல்வதும் ஆவி. ஆவி துடிக்கிறது என்றால் உயிர். இப்போது இந்த அரங்கில் மூன்றாவது வரிசையில் ஒரு தம்பி விட்டாரே, கொட்டாவி, அதிலும் ஆவிதான் இருக்கிறது. வருத்தமில்லை தம்பி, சரியான நேரத்தில் உதாரணம் கொடுத்தீர்கள். கொதிக்கும் நீரின் புகை, மூச்சு, உயிர், பேய் என்று லத்தீன் போட்ட அதே கோட்டைத் தமிழும் தானாகவே போட்டிருக்கிறது. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. குளிர்ந்த காலையில் வாயிலிருந்து புகை வருவதை உலகம் எங்கும் மனிதன் பார்த்திருக்கிறான். செத்தவன் வாயிலிருந்து அது வரவில்லை என்பதையும் பார்த்திருக்கிறான்.

கிறிஸ்தவ வேதத்தைத் தமிழாக்கியவர்கள் இந்த ஆவியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பரிசுத்த ஆவி என்றார்கள், தூய ஆவி என்றார்கள். ஆனால் அதற்கு முன்னால் என்ன சொன்னார்கள் தெரியுமா? பழைய கத்தோலிக்க ஜெபங்களைக் கேட்டிருப்பவர்கள் இங்கே இருக்கலாம். பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து! போர்ச்சுகீசியரின் எஸ்பிரித்து சாந்து, தமிழ் நாக்கில் இஸ்பிரீத்து சாந்து ஆனது. இங்கிருந்து ஓரியூர் எவ்வளவு தூரம்? தேவகோட்டையைத் தாண்டிப் போனால் வந்துவிடும். 1693-இல் அருளானந்தர் என்று நம் மக்கள் அழைத்த ஜான் தெ பிரிட்டோ வெட்டுண்ட மண் அது. அவர் போர்ச்சுகலில் பிறந்தவர். இந்த மறவர் சீமையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கொடி பறப்பதற்கு வெகுகாலம் முன்பே, ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாத விவசாயிகள் வாயில் ஸ்பிராரே என்ற அந்த லத்தீன் வேர் நடமாடிக்கொண்டிருந்தது. மெக்காலே வந்துதான் நமக்கு இந்தச் சொற்குடும்பத்தைக் காட்டினார் என்று யாராவது சொன்னால் ஓரியூர்ப் பக்கம் கைகாட்டுங்கள்.

லத்தீனில் மூச்சுக்கு இன்னொரு சொல்லும் உண்டு, அனிமா. அதிலிருந்து வந்தது அனிமல். மூச்சுள்ளது, உயிருள்ளது என்று பொருள். பொம்மைக்கு உயிர் கொடுத்து ஓடவிடுவது அனிமேஷன். நாம் பேச்சில் பிராணி என்கிறோமே, வீட்டுப் பிராணி, வாயில்லாப் பிராணி என்று, அது வடசொல். பிராணம் உள்ளது பிராணி. இங்கே ஒற்றுமை தற்செயல் இல்லை. அனிமாவும் பிராணத்தின் உள்ளே இருக்கும் 'அன்' என்ற வேரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று மொழியறிஞர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். ஆக, மிருகக்காட்சிசாலையில் அனிமல் என்றும் பிராணி என்றும் எழுதி வைத்தால் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

பிராணம் என்றதும் யோகக் கணக்கு நினைவுக்கு வருகிறது. ஒரு நாளைக்கு மனிதன் விடும் மூச்சு 21,600 என்பது நம் மரபு சொல்லும் கணக்கு. நிமிடத்துக்கு 15 என்று பெருக்கினால் சரியாக வரும். இன்றைய மருத்துவர்கள் ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை என்கிறார்கள். நம் முன்னோர் நடுவில்தான் நிற்கிறார்கள். தமிழில் உயிர்மெய் எழுத்து எத்தனை? 216. அதை நூறால் பெருக்கினால் 21,600! தற்செயல்தான், இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வட்டிக் கணக்கு மனத்தில் போட்டுப் பழகிய ஊரில் இதைச் சொல்லாமல் போனால் என்னை மன்னிக்கமாட்டீர்கள்.

சரி, உயிர்மெய் வந்துவிட்டது. இனித் தமிழ் வீட்டுக்குள் நுழைவோம்.

ஆங்கிலத்தில் வவல் என்கிறார்கள், குரல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் வழி வந்தது. கான்சொனன்ட் என்கிறார்கள், சேர்ந்து ஒலிப்பது என்று பொருள். நாம் என்ன சொல்கிறோம்? உயிர் என்கிறோம். மெய் என்கிறோம். மெய் என்றால் உடம்பு என்று எல்லோருக்கும் தெரியும். உயிர் என்றால்? ஜீவன் என்பீர்கள். நான் கேட்கிறேன், இதில் மூச்சு எங்கே?

மூச்சேதான் ஐயா உயிர்! உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல். பழைய இலக்கியம் எங்கும் இது பரவிக் கிடக்கிறது. நெட்டுயிர்த்தல் என்றால் நெடுமூச்சு விடுதல். வெய்துயிர்த்தல் என்றால் சுடச்சுட மூச்சு விடுதல். கம்பனை வருடா வருடம் கேட்கும் நீங்கள் நெட்டுயிர்ப்பை எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள்! தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலில், உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரியும் விதங்களைச் சொல்லும்போது தொல்காப்பியர் முப்பத்திரண்டு குறிகளை அடுக்குகிறார். அதில் உயிர்ப்பு என்பது ஒன்று. இயல்பை மீறி எழும் மூச்சு என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். அதே பட்டியலில் வியர்த்தலும் இருக்கிறது. லத்தீன்காரனின் ஸ்பயர் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேரின் வேலை நம் இலக்கணத்தில் ஒரே பட்டியலில் வந்து உட்கார்ந்திருக்கிறது!

இப்போது எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் நாலு விரல் தூரத்தில் பிடியுங்கள். வெட்கப்படாதீர்கள், ஆச்சி, நீங்களும்தான். 'ஆ' என்று நீட்டிச் சொல்லுங்கள். காற்று தடையில்லாமல் வருகிறதா? நாக்கு எங்காவது முட்டுகிறதா? உதடு மூடுகிறதா? இல்லை. இனி 'க்' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அடிநாக்கு மேலே போய் அடைத்துக்கொள்கிறது. 'ப்' சொல்லுங்கள், உதடு கதவைச் சாத்திக்கொள்கிறது. தடையின்றி ஓடும் மூச்சு உயிரெழுத்து. உடம்பின் ஓர் உறுப்பு குறுக்கே நின்றால் மெய்யெழுத்து. கொப்பூழிலிருந்து காற்று எழுந்து, தலையிலும் கழுத்திலும் நெஞ்சிலும் நின்று, பல், உதடு, நாக்கு, மூக்கு, அண்ணம் என்னும் இடங்களில் பட்டு எழுத்தாகிறது என்று பிறப்பியலில் தொல்காப்பியர் சொல்கிறார். கருவி எதுவும் இல்லாத காலத்தில், தன் உடம்பையே சோதனைச்சாலையாக வைத்துக்கொண்டு கண்டு சொன்னது அது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய் என்று மூன்றாம் வகுப்பில் ஒப்பித்தோம். மூச்சு, உடம்பு என்று யாராவது நமக்கு விளக்கினார்களா? விளக்கியிருந்தால் அந்த வகுப்பில் தூங்கியிருக்கமாட்டோம்.

கையை எடுத்துவிடாதீர்கள், இன்னும் ஒன்று பாக்கி. 'பல்' என்று சொல்லுங்கள். கையில் காற்று பெரிதாகப் படாது. லண்டன்காரர் ஒருவரை 'பென்' சொல்லச் சொல்லி அவர் வாய்க்கு முன்னால் கையை வைத்தால் குப்பென்று ஒரு காற்று அடிக்கும். அவர் எழுத்தில் அது தெரியாது, வாயில்தான் தெரியும். அந்தக் காற்றோடு வரும் ஒலிக்கு மொழியியலில் ஆஸ்பிரேட் என்று பெயர். பார்த்தீர்களா, ஸ்பிராரே மறுபடியும் வந்துவிட்டது! வடமொழியில் அதற்குத் தனி எழுத்தே உண்டு. நம்மிடம் இல்லை. அதைக் குறை என்று சிலர் சொல்வார்கள். நம் வாய்க்குத் தேவைப்படாத ஒலிக்கு எழுத்து எதற்கு என்பதுதான் என் கட்சி.

உயிர் என்ற வேரிலிருந்து கிளைத்தவற்றைப் பாருங்கள். பிழைத்தல், தப்பித்தல் என்ற பொருளுள்ள உய்தலுக்கும் உயிருக்கும் ரத்த உறவு. பிள்ளை பெறுவதைக் கருவுயிர்த்தல் என்றார்கள். கிறிஸ்து சாவிலிருந்து எழுந்ததை உயிர்த்தெழுதல் என்று மொழிபெயர்த்தார்கள். மூச்சு விட்டு எழுதல்! ஈஸ்டருக்கு உயிர்ப்பு ஞாயிறு என்று பெயர் வைத்த அந்தப் பெயர் தெரியாத தமிழருக்கு நான் கைகூப்புகிறேன்.

படித்தவர்கள் உயிர் என்போம். வயல்காட்டில் என்ன சொல்வார்கள்? "உசுரே போகுது." அதைக் கொச்சை என்று வாத்தியார் அடித்திருப்பார். கொச்சையா? கன்னட நாட்டுக்குப் போய் உசிரு என்று சொல்லுங்கள், மூச்சு என்றே புரிந்துகொள்வார்கள். அங்கே அதன் முதற்பொருள் இன்றும் மூச்சுதான். நம் பெயர் அங்கே ஹெசரு. நம் வயிறு அங்கே பசிரு, கர்ப்பத்தைக் குறிக்கும். நம் யகரம் நிற்கும் இடத்தில் அவர்களுக்குச் சகரம் நிற்கிறது. நம் ஊர்ப் பேச்சிலும் உசுரு போலவே மாறும் இன்னொரு சொல் உண்டு. மேடை நாகரிகம் கருதி அதை விட்டுவிடுகிறேன், உங்கள் சிரிப்பிலிருந்தே தெரிகிறது உங்களுக்குத் தெரியும் என்று. 1961-இல் பர்ரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி தமிழ் உயிரையும் கன்னட உசிரையும் தெலுங்கு உசுருவையும் ஒரே வீட்டில் குடிவைத்திருக்கிறது. ஆக்ஸ்போர்டு அச்சடித்த புத்தகத்தில் களத்துமேட்டு உசுருவின் உறவுமுறை பதிவாகியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் சிலருக்கு ஒரு ஆசை வரும். ஸ்பிரிட்டே உயிரிலிருந்துதான் வந்தது என்று நிறுவிவிடலாமா என்ற ஆசை. முன்னால் ஒரு சகரம் ஒட்டி, நடுவில் ஒரு பகரம் செருகி, கைத்தட்டலும் வாங்கிவிடலாம். வேண்டாம். இந்த ஊர் அழகப்பா கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த வ.சுப. மாணிக்கனாரை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் பர்மாவுக்கு, ரங்கூனில் கடை வேலைக்குப் போனவர். வருமானவரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லை என்று சொல் என்றார்கள். சொல்லமாட்டேன் என்றார். வேலை போயிற்று. ஊர் திரும்பி, பண்டிதமணி கதிரேசனாரிடம் தமிழ் கற்று, பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். தொல்காப்பியக் கடல் எழுதினார். முதலாளிக்காகவே பொய் சொல்லாத மனிதர் பாடம் சொன்ன ஊரில், ஒரு சொல்லின் பூர்வீகத்துக்காகப் பேரேட்டைத் திருத்தலாமா? ஸ்பிராரேயும் உயிரும் வேறு வேறு குலம். இரண்டு குலமும் மூச்சையே வணங்கின என்பதுதான் அதிசயம், அதுவே போதும்.

மூச்சு என்றால் காற்று. காற்றுக்கு வழி வேண்டும். விண்டோ என்ற ஆங்கிலச் சொல் பழைய ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது, காற்றின் கண் என்று பொருள். நம் சிலப்பதிகாரம் ஜன்னலைக் காலதர் என்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அவன் கண் வைத்தான், நாம் பாதை வைத்தோம். பாதை என்பதற்கு நம் செட்டிநாட்டு வீடுகளே சாட்சி. முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாம் கட்டு என்று நிலைக்கு நேர் நிலையாகப் பின்கட்டு வரை கண் ஓடும். கண் ஓடும் வழியில் காற்றும் ஓடும். முற்றத்தில் சூடேறிய காற்று மேலே போக, வாசல் காற்று உள்ளே வரும். சுவரின் உச்சியில் இருக்கும் சின்னத் திறப்பைக் கொத்தனார்கள் வெண்டிலேட்டர் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். 2020-இல், கொரோனாக் காலத்தில், அதே சொல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஊர் முழுக்கக் கதிகலங்கியது.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு கடைசிச் செய்தி. சடுகுடு ஆடியிருப்பீர்கள், இப்போது டிவியில் கபடி என்று பார்க்கிறீர்கள். எதிர்க்கோட்டுக்குள் போகிறவன் ஏன் பாடிக்கொண்டே போக வேண்டும்? கால் வேகமும் கைப்பிடியும் போதாதா? போதாது. மூச்சு பிடித்திருக்கிறானா, நடுவில் திருட்டுத்தனமாக வாங்கிவிட்டானா என்று எதிராளிக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒரே சாட்சி ஒலி. பாட்டு அறுந்தால் மூச்சு அறுந்தது, ஆட்டம் போயிற்று. இப்போதைய போட்டி விதிப்படி ஒருவனுக்கு 30 வினாடி. நம் காலத்தில் கடிகாரம் ஏது? நெஞ்சில் காற்று உள்ளமட்டும் ஆடலாம். பிறப்பியல் படிக்காத பையன்கள் கோடு போட்ட மண்ணில், ஒலி வேறு மூச்சு வேறு இல்லை என்ற இலக்கணத்தைத்தான் தொடை தட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை நடுவராக நிற்பவர்கள் காலைப் பார்க்காமல் காதைக் கொடுத்து நில்லுங்கள். ஏமாற்றுகிறவன் முதலில் குறிலில் தடுமாறுவானா நெடிலில் தடுமாறுவானா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். எனக்கு நெடிலில்தான் என்று சந்தேகம்.